கொல்லைப்புறத்தில் கொசுத் தொல்லை: கடிக்கும் நேரத்தை வைத்துக் காரணத்தைக் கண்டறியும் முறை

சென்னையின் தெற்குப் புறநகரில் தனி வீடுகளும் காலி மனைகளும் கலந்து கிடக்கும் எங்கள் குடியிருப்பில், கொசு பற்றிய முறையீடு எந்த வீட்டிலிருந்து வந்தாலும் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் நான் போய்ப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. போகும் வீடுகளில் எல்லாம் முதலில் எனக்குக் காட்டப்படுவது வாங்கி அடுக்கிய சுருள்கள், தெளிப்பான்கள், நீல விளக்குப் பொறிகள் ஆகியவைதான். தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை யாரும் காட்டுவதில்லை. கொசு எந்த நேரத்தில் கடிக்கிறது, உடம்பில் எங்கே கடிக்கிறது, வீட்டின் எந்தப் பக்கத்தில் கடிக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், எந்தத் தண்ணீரைத் தேட வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். எனவே கீழே உள்ளவற்றில் உங்கள் வீட்டு அறிகுறிக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகச் செல்லலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்தது கடைசியிலும் வருகின்றன.

எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான ஆயத்தம்

ஒரு டார்ச் விளக்கு, நீண்ட கைப்பிடி கட்டிய வெள்ளைக் கிண்ணம் அல்லது வெள்ளை மக், தேய்ப்பதற்குத் தேங்காய் நார், கொஞ்சம் கொசுவலைத் துணி, நைலான் கயிறு ஆகியவை போதும். கிண்ணத்தை நீரின் ஓரத்தில் சாய்வாக மெல்ல இறக்கி மொள்ள வேண்டும். நிழல் விழுந்தாலோ நீர் அசைந்தாலோ கொசுவின் புழுக்கள் அடியில் போய்விடும் என்பதால், ஒன்றும் சிக்கவில்லை என்றால் ஓரிரு நிமிடம் பொறுத்திருந்து மறுபடி மொண்டு பார்க்க வேண்டும்.

கிண்ணத்தில் வந்த புழு நீர்மட்டத்திலிருந்து தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் அது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் ஆகியவற்றின் வகை. நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுக்கைவாட்டில் மிதந்தால் மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் வகை. காற்புள்ளி வடிவில் சுருண்டு துள்ளுபவை கூட்டுப்புழுக்கள். கூட்டுப்புழு எதையும் உண்பதில்லை. ஆகையால் தின்றால் மட்டுமே வேலை செய்யும் பி.டி.ஐ. நுண்ணுயிர் மருந்து அதைக் கொல்லாது, இரண்டொரு நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும். கூட்டுப்புழு தென்பட்ட நீருக்கு மருந்து தேடிக்கொண்டிருக்காமல் அன்றே தரையில் கொட்டிவிடுவதுதான் சரி. சாக்கடையில் கொட்டினால் அங்கே போய் வளரக்கூடும். வெயில் படும் காய்ந்த மண்ணில் கொட்ட வேண்டும்.

அறிகுறி 1: பகலிலேயே கடிக்கிறது, அதிலும் கணுக்காலில்

காலை வெயில் ஏறத் தொடங்கும் நேரத்திலும் பிற்பகல் சாயும் நேரத்திலும், துணி உலர்த்தப் போனால், செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால், சத்தமில்லாமல் காலில் கடிக்கிறது என்றால் அது ஏடிஸ். கறுப்பு உடம்பும் கால்களில் வெள்ளைப் பட்டைகளும் இருக்கும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது இதுதான் என்பதால், எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் இந்த அறிகுறியை ஒத்திப்போடக் கூடாது. இது வெகுதூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து 100, 200 மீட்டருக்குள்ளேயே திரிகிறது. ஆகவே உங்களைக் கடிக்கும் ஏடிஸ் உங்கள் வீட்டிலோ அடுத்தடுத்த வீடுகளிலோதான் பிறந்திருக்கிறது. தெருக்கோடிச் சாக்கடையைக் குறை சொல்வதில் பயனில்லை.

*முதலில் பார்க்க வேண்டியது: கையால் தூக்கிக் கவிழ்க்கக்கூடியவை*

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, கொட்டாங்குச்சி, பெயின்ட் வாளி, உடைந்த குடம், பயன்படாத ஆட்டுக்கல்லும் உரலும், நாய்க்கும் காக்கைக்கும் தண்ணீர் வைக்கும் கிண்ணம், ஊஞ்சலாகக் கட்டிய பழைய டயர், விறகின் மேல் போர்த்திய தார்பாயின் பள்ளம், ஏ.சி. குழாய்க்குக் கீழே வைத்த வாளி ஆகியவற்றை ஒரு சுற்று பாருங்கள். ஏடிஸ் ஒரு முறைக்கு ஏறத்தாழ 100 முட்டைகள் இடும். அவற்றை ஒரே இடத்தில் இடாமல் பல பாத்திரங்களில் பிரித்து இடுவது அதன் வழக்கம். இதனால்தான் புழு உள்ள ஒரு வாளியைக் கண்டுபிடித்துக் கொட்டியவுடன் வேலை முடிந்தது என்று திரும்பிவிடுபவர்கள் அடுத்த வாரம் மறுபடி கூப்பிடுகிறார்கள்.

வீட்டுக்குள்ளும் ஒரு பார்வை தேவை. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில் நீர் வடியும் தட்டு மழைக்காலத்தில் காயாமல் நிற்கும். மணி பிளான்ட் வைத்த புட்டி, ஏர்கூலரின் தொட்டி, கொல்லையில் யாரும் பயன்படுத்தாமல் விட்ட கழிவறையின் ஃபிளஷ் தொட்டி ஆகியவையும் இதே கணக்கில் சேரும்.

*இரண்டாவது: கொட்ட முடியாத தொட்டியும் டிரம்மும்*

லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம், துணி துவைக்கும் சிமென்ட் தொட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி ஆகியவற்றை வாரம் ஒரு முறை, அதே கிழமையில், முழுவதும் காலி செய்ய வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும் என்பதால் ஒரு வாரம் தவறினாலும் ஒரு தலைமுறை பறந்துவிடும்.

இங்கே பெரும்பாலோர் கோட்டை விடுவது தேய்ப்பதில். ஏடிஸ் தன் முட்டைகளை நீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டி வைக்கிறது. அவை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் ஏறித் தொட்டவுடன் பொரிக்கின்றன. தண்ணீரை மட்டும் கொட்டிவிட்டு அதே தொட்டியை நிரப்பினால், முட்டைகளை ஊறப்போட்டதாகத்தான் ஆகும். எனவே காலி செய்த தொட்டியின் உட்சுவரை, குறிப்பாக வழக்கமான நீர்மட்டக் கோட்டை ஒட்டி, தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் கொண்டு அழுத்தித் தேய்த்து, கழுவிய நீரையும் வெளியேற்றிவிட வேண்டும்.

சிமென்ட் தொட்டியில் இன்னொரு கோளாறு உண்டு. வடிகால் துளை பெரும்பாலும் தரைமட்டத்துக்குச் சற்று மேலே வைக்கப்பட்டிருப்பதால், திறந்துவிட்ட பிறகும் அடியில் விரற்கடை அளவு தண்ணீர் தங்கிவிடுகிறது. அது புழு வளர்வதற்குப் போதும். துணியால் ஒற்றி எடுப்பது தற்காலிக வழி. துளையை நோக்கிச் சரிவாகச் சிமென்ட் பூசிவிடுவது நிரந்தர வழி. கொத்தனாருக்கு அரை நாள் வேலைகூட இல்லை.

டிரம்முக்கு மூடி இல்லையென்றால் வலைத்துணியைப் போர்த்தி விளிம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டலாம். வலையின் கண் 1.2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. துணி நடுவில் தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் கொசு மேலிருந்தபடியே முட்டையிட்டுவிடும்; தொய்வில்லாமல் இருக்கிறதா என்று நிரப்பும்போதெல்லாம் பாருங்கள்.

*மூன்றாவது: கண் மட்டத்துக்கு மேலே இருப்பவை*

கீழே எல்லாம் காய்ந்திருந்தும் பகற்கடி நிற்கவில்லை என்றால் ஏணியை எடுக்க வேண்டும். சன்ஷேடின் மேல் இலை அடைத்து நிற்கும் நீர், மொட்டை மாடியின் அடைபட்ட வடிகுழாய் வாய், தகரக் கூரையின் நீர்த்தாரை ஆகியவை முதல் வரிசை. கொடிக்கம்பியைத் தாங்கும் இரும்புக் குழாய்த் தூண்களின் மேல்வாய் திறந்திருந்தால் ஒவ்வொரு தூணும் ஒரு மழைநீர்ச் சேமிப்பாக இருக்கும். மணலைக் கொட்டி மேலே சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம். மதில்மேல் பதித்த கண்ணாடிச் சில்லுகளில் புட்டியின் அடிப்பாகம் குழிவாக மேல்நோக்கி நின்றால் அதிலும் புழு வளர்கிறது. திருடனுக்காகப் பதித்தது கொசுவுக்கு வீடாகிவிடுகிறது. குழிவுகளைச் சிமென்டால் நிரப்ப வேண்டும். மரப்பொந்துகளை மணலால் நிரப்பலாம். வெட்டிய மூங்கிலில் கணுவுக்கு மேலே குழல் மிஞ்சாதபடி கணுவோடு ஒட்ட அறுத்துவிட வேண்டும்.

*நான்காவது: மேல்நிலைத் தொட்டியும் சம்ப்பும்*

மூடி உடைந்த கறுப்புத் தொட்டியும் இரும்பு மூடி துருப்பிடித்து ஓட்டையான சம்ப்பும் ஏடிஸுக்கும் நகர மலேரியாவின் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சிக்கும் ஒருசேரப் பிடித்த இடங்கள். மூடியைச் சரிபார்ப்பவர்கள்கூட வழிவு குழாயின் வாயை மறந்துவிடுகிறார்கள். கொசு அதன் வழியே தாராளமாகப் போய்வரும். வழிவு குழாய்க்கும் காற்றுக் குழாய்க்கும் வலை கட்டுங்கள். குடிநீர்த் தொட்டியில் நீங்களாக எந்த மருந்தையும் ஊற்ற வேண்டாம். உள்ளாட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் அபேட் என்னும் புழுக்கொல்லி மருந்தை ஊற்றுவது அளவறிந்து செய்யும் வேலை. குடிநீரில் அதன் மூலப்பொருளான டெமிஃபாஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

*எப்போது ஆளை அழைப்பது*

இத்தனையும் செய்து இரண்டு வாரம் கழிந்தும் பகற்கடி குறையாவிட்டால் ஊற்று உங்கள் மதிலுக்கு வெளியே இருக்கிறது. பூட்டிய வீடு, கட்டுமானம் பாதியில் நின்ற கட்டடம், குப்பை கொட்டப்பட்ட காலி மனை ஆகிய மூன்றில் ஒன்றாகவே அது இருக்கும். அண்டை வீட்டாரிடம் முதலில் நேரில் சொல்லுங்கள். கூடவே கிண்ணத்தில் மொண்ட புழுவையும் காட்டினால் வாக்குவாதத்துக்கு இடமிருக்காது. உரிமையாளர் ஊரில் இல்லை என்றால் உள்ளாட்சியின் சுகாதார ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். சென்னை மாநகராட்சிப் பகுதியில் 1913 என்ற எண்ணில் பதியலாம். தமிழ்நாட்டின் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு வளரும் நீர்நிலைகள் பற்றிய பிரிவுகள் இருக்கின்றன. ஆகையால் நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

அறிகுறி 2: விளக்கு வைக்கும் நேரத்தில் கூட்டமாக வந்து மொய்க்கிறது

இருட்டத் தொடங்கும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கொல்லையில் நிற்கவே முடியவில்லை, தலைக்கு மேல் கூட்டமாகச் சுற்றுகிறது, கடித்தால் ஊசி குத்தியதுபோல் வலிக்கிறது என்றால், பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான் காரணம். இந்நேரத்தில் வருபவற்றுள் உடல் பருத்து, உறிஞ்சுகுழல் கீழ்நோக்கி வளைந்திருக்கும் கொசு ஆர்மிஜெரஸ். அதனுடன் கியூலெக்ஸும் கலந்திருக்கும். இரண்டுக்கும் கழிவு மிகுந்த நீரே பிடிக்கும் என்பதால், பூந்தொட்டித் தட்டுகளை எத்தனை முறை கவிழ்த்தாலும் இந்தக் கூட்டம் குறையாது. இங்கே தேட வேண்டியது அழுக்கு நீர்.

*சோதனை*

மாலை ஐந்து மணிக்குச் செப்டிக் டேங்கின் வென்ட் பைப் உச்சியில் வெள்ளை வலைத்துணியை உறை மாதிரி தளர்வாகக் கட்டிவிட்டு, மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். துணியின் உட்பக்கம் கொசுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் ஊற்று உறுதியாகிவிட்டது. பிளாஸ்டிக் பையைக் கட்டி இதைச் செய்யக் கூடாது. வாயு வெளியேற வழி வேண்டும்.

*செலவு குறைந்த சரிசெய்தல்*

வென்ட் பைப்புக்கு நைலான் வலையை இரண்டு மடிப்பாகப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் பல வீடுகளில் பாதித் தொல்லை அடுத்த வாரமே அடங்குகிறது. இரும்பு வலை அந்த வாயுவில் சீக்கிரம் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். நைலானும் வெயிலில் நைந்துபோகும் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறை, ஆடி, ஆவணியில் மழைக்கு முன்பாக, மாற்றிவிட வேண்டும்.

அடுத்து மேல்மூடிப் பலகைகளின் இடுக்குகள். டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் விரிசல் தெரியும். மாலையில் அவற்றின் வாயில் கொசு ஏறி இறங்குவதையும் காணலாம். சிமென்ட் குறைத்து மணல் கூட்டிய பூச்சால் அடைத்தால், பிறகு தொட்டியைத் திறக்க வேண்டி வரும்போது பலகை உடையாமல் பெயர்க்க முடியும். கழிவறைக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள ஆய்வுத் தொட்டிகளின் மூடிகளையும் இதே போல் பார்க்க வேண்டும். முருங்கையோ தென்னையோ பக்கத்தில் இருந்தால் வேர் புகுந்து மூடியைத் தூக்கியிருக்கும்.

செப்டிக் டேங்க் சரியாக இருந்தால் பாத்திரம் கழுவும் நீர் போகும் இடத்தைப் பாருங்கள். அந்நீரை வாழைக்குப் பாய்ச்சுவது நல்ல வழக்கம்தான். ஆனால் வாழையடியில் குழி தேங்கிக் கறுத்துப்போனால் அது திறந்த சாக்கடைக்குச் சமம். பாத்தியை மாற்றி மாற்றி விட்டு, ஒரு பாத்தி காய்ந்த பிறகே மறுபடி அதற்குத் திருப்ப வேண்டும். நீர் உறிஞ்சும் குழி மூடியில்லாமல் இருந்தால், நீர்ப்பரப்பை முழுவதும் மறைக்கும்படி ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தெர்மாகோல் மணிகளைப் பரப்பலாம். புழு மூச்சுவிட மேலே வர முடியாது, கொசுவும் முட்டையிட முடியாது. மழையில் பொங்கி வழியும் குழிக்கு இது ஒத்துவராது, மணிகள் அடித்துக்கொண்டு போய்விடும்.

கழித்துப் போட்ட இன்ஜின் ஆயிலைத் தொட்டியிலும் குழியிலும் ஊற்றச் சொல்லும் யோசனை ஊரெங்கும் உண்டு. அடியிலுள்ள நிலத்தடி நீரைத்தான் நாம் ஆழ்துளைக் கிணற்றில் எடுக்கிறோம் என்பதை நினைத்தால் யாரும் ஊற்ற மாட்டார்கள்.

*எப்போது ஆளை அழைப்பது*

வலை கட்டி, விரிசல் அடைத்த பிறகும் கூட்டம் குறையவில்லை, கழிவறையில் நீர் மெதுவாக இறங்குகிறது, தொட்டியைச் சுற்றி மண் ஈரமாகவே இருக்கிறது ஆகிய மூன்றும் சேர்ந்தால் தொட்டி நிரம்பியிருக்கிறது அல்லது சுவர் கசிகிறது. கழிவுநீர் லாரியை அழைத்து இயந்திரத்தால் உறிஞ்சச் சொல்ல வேண்டும். எந்த நிலையிலும் மனிதரை உள்ளே இறக்கக் கூடாது. நச்சு வாயு உயிரைக் குடிக்கும், மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும் ஆகும். தொட்டியின் சுவரைக் கட்டிச் சரிசெய்வது இந்தக் கட்டுரையில் வரும் வேலைகளிலேயே செலவு மிகுந்தது. எனவே வலையும் பூச்சும் பயன்தராது என்று உறுதியான பிறகே அதில் இறங்குங்கள்.

அறிகுறி 3: மழை பெய்து பத்து நாளில் திடீரென்று பெருகுகிறது

கோடை முழுவதும் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு, வடகிழக்குப் பருவமழையின் முதல் கனமழைக்குப் பிறகு ஏறத்தாழ பத்தாம் நாள் வாக்கில் கொசு பெருகினால், காய்ந்து கிடந்த ஏடிஸ் முட்டைகள் நீர் பட்டுப் பொரித்திருக்கின்றன. அறிகுறி 1-இல் சொன்ன சுற்றை மழை விட்ட மூன்றாம் நாளுக்குள் ஒரு முறை செய்தால் இந்தப் பெருக்கம் பெரும்பாலும் எழாது. பத்தாம் நாளில் செய்வது அடுத்த தலைமுறைக்கே பயன்படும்.

சுற்றில் ஒன்றும் கிடைக்காவிட்டால் மழைநீர்ச் சேகரிப்புக் குழியைத் திறந்து பாருங்கள். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயமாக்கப்பட்டபோது வெட்டிய குழிகளில் பல, அதன்பின் திறக்கப்படவே இல்லை. மாடியிலிருந்து வந்த மண்ணும் இலையும் மேல் அடுக்கு மணலை அடைத்துவிட, நீர் இறங்காமல் வாரக்கணக்கில் நிற்கிறது. மழை நின்று மூன்று நாள் கழித்தும் குழியில் நீர் தெரிந்தால் அது அடைபட்டதாகக் கொள்ளலாம். மேல் அடுக்கு மணலை அள்ளி எடுத்து, அலசியோ புதிதாகவோ நிரப்பினால் பெரும்பாலான குழிகள் மறுபடி வேலை செய்யும். ஜல்லி அடுக்குவரை சேறு இறங்கியிருந்தால் முழுக் குழியையும் தோண்டி நிரப்ப ஆள் தேவைப்படும். களிமண் நிலத்தில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் நீர் நிற்கிறது என்றால் குழிக்கு நடுவில் துளையிட்டு அடியிலுள்ள மணற்பாங்கான அடுக்கைத் தொட வேண்டியிருக்கும். அதை ஆழ்துளைக் கிணறு போடுபவரிடம் கேட்க வேண்டும். கொசுவுக்குப் பயந்து குழியைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டவர்களும் இருக்கிறார்கள். மூடிப் பலகையின் இடுக்கையும் நீர் வரும் குழாயின் வாயையும் வலையிட்டு அடைத்திருந்தால் அதற்குத் தேவையே இருந்திருக்காது.

அறிகுறி 4: கிணறு உள்ள வீட்டில், படுத்த பிறகு கடிக்கிறது

அன்றாடம் இறைக்கும் கிணற்றில் நீர் அசைந்துகொண்டே இருப்பதால் புழு குறைவு. குழாய் வந்த பிறகு கைவிடப்பட்ட கிணறுதான் தொல்லை. நகரங்களில் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி வளரும் இடங்களில் அதுவும் ஒன்று. வாளியை இறக்கி, சுவரோரத்து நீரை மொண்டு, வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். புழு படுக்கைவாட்டில் மிதந்தால் அது மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ்தான், மேலே யோசிக்க ஒன்றுமில்லை.

கிணற்றில் கொசுப் புழுக்களைத் தின்னும் கப்பி மீன்களை விடுவது பழகிய வழி; உள்ளாட்சிகளே சில இடங்களில் கொடுக்கின்றன. கம்பூசியா மீன் இன்னும் வேகமாகத் தின்னும். ஆனால் குளம், ஏரியோடு தொடர்புள்ள நீரில் அதை விட்டால் நம்முடைய சிறு மீன்களின் குஞ்சுகளையும் தின்றுவிடும் என்பதால் எதையும் ஊர்க் குளத்தில் கொண்டுபோய் விட வேண்டாம். மீன் விட்ட கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டால் மீன் செத்துவிடும். இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க முடியும். குடிப்பதற்கு அந்நீரை எடுப்பவர்கள் மீன் விடாமல், கிணற்றுவாயை வலைச்சட்டத்தால் மூடுவதே மேல். உறை இடிந்து, எட்டிப் பார்க்கவே அச்சமாக உள்ள கிணற்றில் நீங்களாக எதையும் செய்ய வேண்டாம். உள்ளாட்சிப் பணியாளர்களைக் கூப்பிடுங்கள். வீட்டில் யாருக்காவது விட்டு விட்டுக் குளிர் காய்ச்சல் வந்தால் கிணற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இரத்தப் பரிசோதனை.

அறிகுறி 5: வீட்டில் எந்த நீரும் இல்லை, இரவு முழுவதும் கடிக்கிறது

நள்ளிரவை ஒட்டிக் காதருகே ரீங்காரத்தோடு வருவது கியூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்பும் இந்தக் கொசு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறந்து வரும் என்பதால், தெருவுக்கு அப்பால் உள்ள கால்வாய்கூட உங்கள் கொல்லையின் கணக்கில் வந்துவிடுகிறது. வெங்காயத் தாமரை மூடிய குளம் பக்கத்தில் இருந்தால் மான்சோனியா வகையும் சேரும். அதன் புழு செடியின் வேரைத் துளைத்து அங்கிருந்தே காற்றெடுப்பதால் நீர்மேல் தெளிக்கும் எண்ணெய்க்கு மசியாது, செடியை வாரினால்தான் போகும்.

இந்த அறிகுறியில் தனி வீட்டுக்காரர் செய்யக்கூடியது கொஞ்சமே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜன்னல்களுக்கு வலை அடித்து, ஆறு மணிக்கு முன் கொல்லைக் கதவைச் சாத்துவது ஒரு பகுதி. கால்வாயைத் தூர்வாரவும் புழுக்கொல்லி தெளிக்கவும் உள்ளாட்சியிடம் தெருவாகச் சேர்ந்து கேட்பது மறு பகுதி. தனித்தனியாகப் போடும் புகார்களைவிடச் சங்கத்தின் பெயரில், இடத்தின் படத்தோடு, ஒரே கடிதமாகக் கொடுப்பது விரைவில் பலிக்கிறது.

அறிகுறி 6: புகை அடித்த இரண்டாம் நாளே திரும்பி வருகிறது

புகையில் கோளாறு இல்லை, எதிர்பார்ப்பில்தான் கோளாறு. புகை மருந்து அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவின் மேல் பட்டால் மட்டுமே கொல்லும். நீரிலுள்ள புழுவையும் கூட்டுப்புழுவையும் தொடாது. மறுநாள் காலையில் புதிய கொசுக்கள் நீரிலிருந்து எழும்பிவிடும். வீட்டுக்குள் அலமாரிக்கு அடியிலும் தொங்கும் துணிகளின் மடிப்பிலும் ஒதுங்கியிருக்கும் ஏடிஸைத் தெருவில் அடித்த புகை எட்டுவதும் இல்லை. டெங்கு கண்ட தெருவில், நோய்க்கிருமி ஏறிய கொசுக்களை உடனே குறைக்கப் புகை தேவை. மற்ற நேரங்களில் பணம் கொடுத்துத் தனியாரை வரவழைத்து அடிப்பதற்கு முன், மேலே உள்ள அறிகுறிகளில் எது பொருந்துகிறது என்று பார்ப்பது நல்லது. தனியார் நிறுவனத்தை அழைத்தே தீர வேண்டுமென்றால், புழு வளரும் இடங்களைத் தேடிக் காட்டுவார்களா என்று கேளுங்கள்; தெளிப்பது மட்டும்தான் வேலை என்பவர்களை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

நீல விளக்குப் பொறியில் விழுபவை பெரும்பாலும் தீங்கற்ற பூச்சிகளே. கேளா ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டுவதாக விற்கப்படும் கருவிகள் வேலை செய்வதில்லை. துளசியையும் எலுமிச்சைப் புல்லையும் வளர்ப்பதில் வேறு நன்மைகள் உண்டு. தொட்டியில் நிற்பதாலேயே அவை கொசுவைத் தடுப்பதில்லை.

அறிகுறி 7: கொல்லை முழுவதும் அல்ல, உட்காரும் இடத்தில் மட்டும் கடிக்கிறது

அருகில் கொசு பகலில் ஒதுங்கும் நிழலும் ஈரமும் இருக்கின்றன. அடர்ந்த குரோட்டன்ஸ் வரிசை, சுவரில் படர்ந்த கொடி, அடுக்கிய விறகு, பழைய சாமான் கொட்டகை ஆகியவற்றை ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். கொசு கிளம்பினால் அந்த இடம்தான். செடியை வெட்டி வீழ்த்த வேண்டியதில்லை. அடிக்கிளைகளைக் கழித்து, காற்றும் வெளிச்சமும் புகவிட்டு, உட்காரும் இடத்தைச் சில அடி நகர்த்தினாலே போதும்.

நான் எல்லா வீட்டுக்கும் சொல்லும் ஒன்று மின்விசிறி. கொசு விநாடிக்கு 1 முதல் 1.5 மீட்டர் வேகத்துக்கு மேல் பறக்க வலுவில்லாதது. ஆகையால் ஒரு டேபிள் ஃபேனைத் தரையோடு வைத்துக் கால்பக்கமாக வீசவிட்டால், சுருள் புகையைவிட நன்றாகக் காக்கும். தண்ணீரும் மின்சாரமும் சேரும் கொல்லையில் இணைப்புக் கம்பி ஈரத் தரையில் கிடக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கைகால்களில் பூசுவதற்கு டீட் அல்லது பிகாரிடின் என்னும் கொசு விரட்டிப் பொருள் உள்ள களிம்புகள் பயன்தரும். கைக்குழந்தைக்குப் பூசும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எந்த அறிகுறியானாலும், காய்ச்சல் வந்தால்

கொசு பெருகிய வாரங்களில் வீட்டில் ஒருவருக்குக் கடுமையான காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் மூட்டு வலியும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஆலோசனைக்கு 104 என்ற எண் இருக்கிறது. டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஆஸ்பிரின், இபுபுரோஃபன் மாத்திரைகளைத் தரக் கூடாது, இரத்தக் கசிவு கூடும். காய்ச்சல் குறைந்த பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோயாளியைப் பகலிலும் வலைக்குள்ளேயே படுக்கவைக்க வேண்டும். அவரைக் கடிக்கும் ஏடிஸ் பிறகு அடுத்தவரைக் கடிக்கும். உள்ளாட்சிப் பணியாளர்கள் தெருவைச் சோதிக்க வரும்போது, கொல்லைக் கதவைத் திறந்து மொட்டை மாடிவரை அழைத்துக்கொண்டு போங்கள்.